எர்லிந்தா வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்

கடைசிப் பிள்ளை இறங்கியதும் எர்லிந்தா பராகான் பஸ்ஸின் எஞ்சினை நிறுத்துகிறார். நிறுத்திய மறுகணம் ஒரு மணி கத்தத் தொடங்குகிறது. பஸ்ஸின் கடைக்கோடிக்கு நடந்துபோய் அங்கிருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் அது வாயை மூடும். எந்தச் சீட்டிலும் ஒரு பிள்ளை தூங்கிக் கிடந்து விடுபட்டுவிடக் கூடாது என்று பள்ளி பஸ்களில் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. மற்ற டிரைவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி அழுத்திவிட்டு வருவார்கள். எர்லிந்தா ஓடமாட்டார். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் குனிந்து பார்ப்பார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரி பாடம் ஒப்பிப்பார்.

"திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம். ஆரம்பிச்சது யாரு? பிலிப்பைன்ஸ்காரங்க. அப்புறம் சேந்தது யாரு? நாம." அடுத்த சீட். "தலைநகரம் சாக்ரமெண்டோவுக்கு நடந்தே போனாங்க. பஸ் இல்லாமலா நடந்தாங்க?" அதற்கடுத்த சீட்டில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை கிடக்கிறது. அதை எடுத்துச் சட்டைப் பையில் திணித்தபடியே பதிலையும் சொல்லிக்கொள்கிறார். "எல்லாரும் பாக்கணும்னு நடந்தாங்க."

அறுபதை நெருங்குகிறவர். குள்ளம். நரைத்த முடியை இறுக்கிப் பின்னி முதுகில் விட்டிருப்பார். உடம்பில் பள்ளி நிர்வாகம் கொடுத்த மஞ்சள் மேல்சட்டை. காதில் தோளைத் தொடும் வெள்ளி வளையங்கள். வளையங்கள் பாதுகாப்புக்கு ஒத்துவராது, கழற்றிவிடுங்கள் என்று மேலாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நான் காதால ஓட்டல, கையால ஓட்டுறேன்" என்று பதில் வந்தது. அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தோளில் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒயர் கூடை ஒன்று எப்போதும் தொங்கும். மெல்லிய தோர்த்தியா ரொட்டியில் சுருட்டிய பீன்ஸும் பாடப்புத்தகமும் அதற்குள் ஒன்றாகத்தான் கிடக்கும். வேலைநிறுத்தம் பற்றிய பக்கங்களில் மிளகாய்ச் சாறு படிந்திருக்கிறது.

ரியோ பார்தோவில் பள்ளி பஸ் டிரைவர்களுக்குக் காலை ஓட்டத்துக்கும் மதிய ஓட்டத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. வீட்டுக்குப் போனால் தூக்கம் வந்துவிடும். வேறு வேலை பார்க்க நேரம் போதாது. ஆகவே டிப்போவின் தகரக் கொட்டகையில் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்து டொமினோ கட்டை ஆடுவார்கள். எர்லிந்தா அந்த நேரத்தில் ஊர் எல்லையிலிருக்கும் சமுதாயக் கல்லூரிக்குப் போகிறார். இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில், ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று, ஆறு வருடங்களாகச் சிக்கானோ இயல் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மெக்சிகோ வம்சத்தாரின் வரலாறு, வழக்கம், போராட்டம் எல்லாம் சேர்ந்த படிப்பு அது. அதாவது அவருடைய சொந்தக் கதை.

கொட்டகையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கரடி என்று ஒருவர், பூனைக்கண் என்று ஒருத்தி, நடையழகால் வாத்து ஆனவர் ஒருவர். எர்லிந்தா கல்லூரியில் சேர்ந்த வாரமே டாக்டரம்மா ஆகிவிட்டார். அந்தப் பெயரை வைத்தவர் வாத்து.

வாத்துக்கு வீட்டில் வைத்த பெயர் டெல்ஃபினோ. டொமினோ மேஜைக்கு ராஜா. எர்லிந்தாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அந்த உறவு வந்த நாளிலிருந்து இவருக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு இவர் கொமாத்ரே. ஒரே தெருவில் மூக்கு ஒழுகித் திரிந்த காலத்து 'நீ' அன்றோடு போய் 'நீங்க' வந்துவிட்டது. மரியாதை கூடியதே தவிரக் கிண்டல் குறையவில்லை.

"வாங்க டாக்டரம்மா. இன்னிக்கு என்ன புதுசா கண்டுபுடிச்சாங்க உங்க காலேஜ்ல?" என்பார் டெல்ஃபினோ, கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்களைத்தான் கொம்பாத்ரே. அழிஞ்சுபோன இனம்னு நெனச்சிட்டு இருந்தாங்களாம். இல்ல, ஹீட்டர் பக்கத்துல ஒண்ணு உயிரோட உக்காந்திருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

"எங்கப்பன் சிக்கானோ, நான் சிக்கானோ, என் வீட்டு நாய்கூட சிக்கானோ. பொறந்ததுலேருந்து இதே பொழப்பா இருக்கேன். இதுக்குப் பரீட்சை வேற எழுதணுமாக்கும்."

"எழுதுனா ஃபெயிலாயிடுவீங்க. அந்த பயம்தான்."

கொட்டகை சிரிக்கும். கட்டைகள் மறுபடி மேஜையில் அறைபடும். எர்லிந்தா ஹீட்டரில் கையைச் சூடு காட்டிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவார்.

படிக்க ஆசைப்பட்டுப் படிக்கப் போனவரல்ல அவர். ஒருமுறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரி பார்க்க அழைத்துப் போயிருந்தார். அவர்கள் சுற்றிவிட்டு வரும்வரை பஸ்ஸுக்குள் வேகாமல், ஏசி ஓடிக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் நுழைந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். இளம் பேராசிரியை ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளின் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள் என்று சொன்னார். எர்லிந்தாவின் நாக்கில் சோப்பின் கசப்பு வந்தது. இரண்டாம் வகுப்பில் அவர் வாயையும் கழுவியிருக்கிறார்கள். அம்மாவிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. தன் வாயில்தான் ஏதோ அழுக்கு இருந்திருக்கிறது என்று நாற்பது வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அது தன் அழுக்கில்லை, புத்தகத்தில் அச்சாகியிருக்கும் அநியாயம் என்று அந்தப் பின்வரிசையில் தெரிந்தபோது அவருக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அடுத்த பருவத்திலேயே சேர்ந்துவிட்டார்.

அன்று பாடம் நடத்தியவர் நயேலி ஒசூனா. தக்காளி பறித்தவர்களின் மகள். சின்ன வயதில் எர்லிந்தாவின் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் வந்த பிள்ளை. ஒரு பிள்ளை இப்படி உயர்ந்திருக்கிறாளே என்று எர்லிந்தாவுக்கு அடங்காத பெருமை. வகுப்புக்குள் "ப்ரொஃபே" என்று ஆசிரியைக்குரிய மரியாதையோடு கூப்பிட்டு எழுந்து நிற்கப் பார்ப்பார். வகுப்பு முடிந்து வெளியே வந்துவிட்டால் "ஏண்டி நயேலி, சாப்டியா இல்லியா, மூஞ்சி வாடிக் கெடக்கு" என்று கூடையிலிருந்து பாதியை எடுத்துக் கொடுத்துவிடுவார். நயேலி வாங்கிக்கொண்டு கார் ஓரமாக நின்றே தின்பார்.

பாடத்தில் எர்லிந்தாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த அநியாயத்தைப் பற்றிச் சொன்னாலும் கை தூக்குவார். நிலத்தைப் பிடுங்கினார்கள் என்றால் கை. தனிப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கினார்கள் என்றால் கை. "சரி ப்ரொஃபே, அதுக்கு நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க?" பதில் அடுத்த வாரம் வரும் என்றால் ஒப்புக்கொள்ளமாட்டார். "ஒரு வாரம் தூக்கம் வராது. அழுததை மட்டும் சொல்லி அனுப்பாதீங்க, எதுத்து நின்னதையும் சொல்லிட்டு அனுப்புங்க." அவர் உட்கார்ந்திருக்கும் வகுப்புகளில் நயேலி பாடத்தையே மாற்றி அமைத்துக்கொண்டார். மணி அடிக்கும்போது யாராவது ஒருவர் எதிர்த்து நின்றாக வேண்டும்.

வீட்டுக்காரர் கசிமிரோ பாதாம் தோப்புகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், மெக்சிகோவில் மிச்சோவாக்கானில் பிறந்தவர். சிக்கானோ என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "அந்தப் பேரெல்லாம் பச்சை குத்திக்கிட்டு முக்குல நிக்கிற பசங்களுக்கு. நாம மெக்சிகோக்காரங்க" என்பார்.

"நீ மெக்சிகோக்காரன். நான் இங்க, நம்ம ஊர் ஆஸ்பத்திரியில பொறந்தவ" என்பார் எர்லிந்தா. "உங்க ஊருக்கு வந்தா என்னை அமெரிக்காக்காரிங்கிறாங்க. இங்க இருந்தா நீ எந்த ஊருன்னு கேக்குறாங்க. ரெண்டு பக்கமும் இப்படிச் சொன்னா, நடுவுல நிக்கிறவளுக்குன்னு ஒரு பேரு வேணாமா?"

ஆனாலும் அடுத்த நாள் விடியலில் அந்த பீன்ஸைச் சுருட்டிக் கூடையில் வைப்பவர் கசிமிரோதான். தோப்பில் கூட வேலை செய்கிறவர்களிடம், என் பொண்டாட்டி காலேஜ்ல படிக்கிறா என்று கேட்காதவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த ஜனவரியில் வம்பு வந்தது. பட்டத்துக்கு எர்லிந்தா படிக்க வேண்டிய கடைசிப் பாடம் 'சிக்கானோ இயக்கமும் சமூக நீதியும்'. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அதை நடத்துவார்கள். அதில் இருபது பேர் சேராவிட்டால் ரத்து என்று அலுவலகம் சொல்லிவிட்டது. சேர்ந்திருந்தது பதினாறு பேர்.

"நான் போய்ப் பேசிப் பாத்துட்டேன்" என்றார் நயேலி. கார் ஓரத்தில் நின்றுதான் சொன்னார். கொடுத்த பீன்ஸ் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. "ரெண்டு வருஷம் பொறுத்துக்கோங்க, அப்புறம் பாக்கலாம்ங்கிறாங்க."

"பொறுத்துக்கலாம். அப்புறம் தொறப்பாங்களா?"

ஒருமுறை நிறுத்திய வகுப்பை மறுபடி தொடங்கியதாக அந்தக் கல்லூரியில் யாருக்கும் நினைவில்லை. பட்டம் தள்ளிப்போவது ஒருபுறம். தன் வாயைக் கழுவிய கதையைச் சொல்லித்தர இந்த ஊரில் இருக்கும் ஒரே இடத்தை ஆள் வரவில்லை என்று பூட்டிவிட்டுப் போவார்களா என்பதுதான் எர்லிந்தாவுக்குத் தாங்கவில்லை.

"நீ சாப்புடு" என்றார். "ஆள் என் பொறுப்பு."

மறுநாளிலிருந்து அவர் ஆள் பிடித்த அழகைப் பற்றி ரியோ பார்தோ இன்றும் பேசுகிறது. மாதா கோவிலில் கிட்டார் வாசிக்கும் எவரார்தோவைப் பூசை முடிந்த வாசலிலேயே மடக்கினார். போராட்டப் பாட்டெல்லாம் பாடத்தில் வருகிறது என்று ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பூனைக்கண்ணுக்கு எப்படியும் ஒரு பட்டம் வாங்கும் எண்ணம் இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எர்லிந்தா தன் மகளைப் பேசி வைத்தார். கரடிக்கு எந்த எண்ணமும் இல்லை. "அங்க ஏசி, ஹீட்டர், மெத்தை வச்ச நாற்காலி. இந்தத் தகரத்துக்கு அது மேல்" என்றதும் அவர் வந்துவிட்டார். கரடியின் சமூக நீதி முதுகுவலியில் தொடங்கியது.

இன்னும் ஒரே ஒரு ஆள். கொட்டகையில் மீதி இருந்தது டெல்ஃபினோ.

"கொமாத்ரே, வேற எது வேணாலும் கேளுங்க" என்றார் அவர். அன்றைக்கு அவர் குரலில் கிண்டல் இல்லை. "ரத்தம் வேணுமா, குடுக்குறேன். உங்க வீட்டுக் கூரையை மாத்தணுமா, ஏணியோட வர்றேன். பள்ளிக்கூட வாசலை மட்டும் மிதிக்க மாட்டேன்."

"தெனம் பள்ளிக்கூட வாசல்லதானே பஸ்ஸை நிறுத்துறீங்க."

"பஸ்ஸுக்குள்ளதானே இருக்கேன்."

அதோடு அவர் கட்டைகளைக் கலைத்து அடுக்கத் தொடங்கிவிட்டார். கெஞ்சி அவரை அசைக்க முடியாது என்று எர்லிந்தாவுக்குத் தெரியும். வாதாடினாலும் நடக்காது. அன்று மதிய ஓட்டம் முடிந்து கடைசிச் சீட்டுக்கு நடந்தபோது அவர் பாடம் எதுவும் ஒப்பிக்கவில்லை. யோசித்துக்கொண்டே போய்ப் பொத்தானை அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகள் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டு உடையை உடுத்திக்கொண்டார். கசிமிரோவுக்குப் பூட்ஸும் நல்ல தொப்பியும். பெரிய பிரம்புக் கூடையில் வெள்ளைத் துணி விரித்து இனிப்பு ரொட்டிகள், சாக்லேட், ஒரு பாட்டில் நல்ல மெஸ்கால் சாராயம். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அந்தக் கோலத்தில் கூடையோடு தம்பதியாக யாராவது நடந்தால், எதையோ முறைப்படி கேட்கப் போகிறார்கள் என்று தெருவே புரிந்துகொள்ளும்.

டெல்ஃபினோவின் மனைவி செலியா ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டார். முன்னறையில் நாற்காலிகள் வரிசைக்கு வந்தன, தொலைக்காட்சி அணைந்தது. பனியனோடு இருந்த டெல்ஃபினோ சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "என்ன விசேஷம், யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

"சொல்றோம் கொம்பாத்ரே. அவசரமில்ல" என்று கூடையை மேஜையில் வைத்துத் துணியை விலக்கினார் எர்லிந்தா. ரொட்டி அன்று காலை சுட்டது. இன்னும் லேசாகச் சூடு இருந்தது. எர்லிந்தா பூசைக்கு முன்பே ரொட்டிக்கடையில் நின்றவர்.

இந்த இடத்தில் டெல்ஃபினோ செய்த தவற்றை அவர் வீட்டில் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கூடையோடு வந்தவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால்தான் ரொட்டியில் கை வைக்க வேண்டும். கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை இது. ஆனால் அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பேச்சு வாக்கில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். செலியா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கசிமிரோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார். "கொம்பாத்ரே, என் வீட்டுக்காரி வர்ற மே மாசம் பட்டம் வாங்குறா. எங்க ரெண்டு குடும்பத்துலயும் அதை வாங்குற மொத ஆளு. மேடையில அவ தோள்ல கோடு போட்ட சால்வையைப் போட ஒரு ஞானத்தகப்பன் வேணும். அது நீங்களா இருக்கணும்னு கேட்டு வந்திருக்கோம்."

டெல்ஃபினோவின் வாய் அசைவதை நிறுத்தியது. "நானா?" என்றார். "அந்த மேடையிலயா? நான் எட்டாவதோட நின்னவன், கசிமிரோ."

"எங்களுக்கு வேற ஆளு இல்ல" என்றார் கசிமிரோ. அது மனப்பாடம் செய்ததல்ல.

டெல்ஃபினோ ரொட்டியை மேஜையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் இழுபட்டது. "வர்றேன். சூட் தைச்சுப் போட்டுக்கிட்டு வர்றேன்" என்றார்.

"சந்தோஷம்" என்றார் எர்லிந்தா. "இதுல ஒரே ஒரு சிக்கல்தான். கடைசி வகுப்பு நடந்தாத்தான் பட்டம். பட்டம் இருந்தாத்தான் மேடை. அந்த வகுப்புக்கு இன்னும் ஒரு ஆளு கொறையுது. ஞானத்தகப்பன்னா பொண்ணை மேடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேக்கணுமில்ல."

டெல்ஃபினோ கடித்த ரொட்டியைப் பார்த்தார். செலியாவைப் பார்த்தார். செலியா கூரையைப் பார்த்தார்.

"நீங்க மோசமான பொம்பளை, கொமாத்ரே."

"ஆறு வருஷம் படிச்சிருக்கேனே."

அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கையால் மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "உங்களுக்குத் தெரியாது. உங்களை நல்ல பசங்களோட உக்கார வச்சாங்க. என்னைக் கடைசி பெஞ்சுல, பேச்சு வராத பசங்களோட உக்கார வச்சாங்க. இங்கிலீஷ் தெரியலேங்கிறதுக்கு மூளை இல்லேன்னு எழுதிட்டாங்க. வருஷா வருஷம் அதே பெஞ்சு. எங்கப்பா அதை நம்பிட்டாரு. அப்புறம் நானும் நம்பிட்டேன். எட்டாவதுல எந்திரிச்சு திராட்சைக் காட்டுக்குப் போனவன்தான். மறுபடி எவளும் என்னை உக்கார வச்சுப் பாக்கக் கூடாதுன்னு."

எர்லிந்தா அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. கையைப் பிடிக்கவுமில்லை. "அந்த பெஞ்சு, கொம்பாத்ரே, நம்ம வகுப்புல நாலாவது பாடம்" என்றார். "உங்களை மட்டுமில்ல. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நம்ம பசங்களை அப்படித்தான் உக்கார வச்சிருக்காங்க. எதுத்துக் கோர்ட்டுக்குப் போனவங்களும் இருக்காங்க. ஜெயிச்சிருக்காங்க."

டெல்ஃபினோ மீதி ரொட்டியை எடுத்துத் தின்று முடித்தார்.

முதல் வகுப்பு நாளன்று பார்த்துப் பனி இறங்கிவிட்டது. முன்னால் போகும் வண்டி தெரியாத அந்தப் பனி வந்தால் பள்ளி பஸ்கள் தாமதமாகத்தான் கிளம்பும். எல்லா ஓட்டமும் பின்னுக்குப் போகும். எர்லிந்தா முதல் ஆளாக ஓட்டத்தை முடித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எவரார்தோ வந்தார். கரடியும் பூனைக்கண்ணும் மஞ்சள் மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். டெல்ஃபினோவின் வழித்தடம் எல்லாவற்றிலும் தூரம். முதல் நாள் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லாதவர் பெயரை அப்போதே அடித்துவிட வேண்டும் என்பது கல்லூரியின் சட்டம். அன்று மதியமே அலுவலகம் தலைகளை எண்ணிவிடும். நயேலி எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் தண்ணீர் குடித்தார்.

பாதியில் கதவு திறந்தது. டெல்ஃபினோ உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றாமல், யாரையும் பார்க்காமல், கதவோரம் இருந்த கடைசி நாற்காலியில் பாதி உடம்போடு உட்கார்ந்தார். எர்லிந்தாவுக்கு உயிர் வந்தது.

கடைசிப் பெயருக்கு நயேலி வந்து சேர்ந்தார். "டெல்ஃபினோ சமோரா."

பதில் இல்லை.

"டெல்ஃபினோ சமோரா?"

கரடி யாரது என்று கழுத்தை வளைத்து நாலா பக்கமும் பார்த்தார். இருபது வருடம் ஒரே மேஜையில் டொமினோ ஆடியவர். வாத்துக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. பூனைக்கண்ணுக்கும் தெரியாது. எர்லிந்தாவுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தார். டெல்ஃபினோ காதில் விழாதவர் அல்ல. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார், உதடு அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. 'இதோ இருக்காரு' என்று சொல்ல எர்லிந்தாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆறு வருடப் படிப்பு அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பிள்ளைப் பருவம் முழுக்க அந்த மனிதருக்காக வேறு யாரோ பேசித் தீர்த்துவிட்டார்கள் என்று நினைத்தார். முன்னால் திரும்பிக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தார். நயேலி பேனாவை எடுத்தார். எடுத்த கை காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

பின்னால் நாற்காலி ஒன்று தரையில் உரசியது.

"அதுல ஒரு பேரு கொறையுது, டீச்சர்." டெல்ஃபினோ எழுந்து நின்றிருந்தார். தொப்பி கைக்கு வந்திருந்தது. குரல் முதலில் கரகரத்து, பிறகு தெளிந்தது. "டெல்ஃபினோ சமோரா மொந்தேஸ். சமோரா எங்கப்பா வீட்டுப் பேரு, மொந்தேஸ் எங்கம்மா வீட்டுப் பேரு. ஒண்ணாவதுல, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு பேருன்னு வெட்டிட்டாங்க."

நயேலி குனிந்து எழுதினார். எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தார், கண் கலங்கியிருந்தது. "மொந்தேஸ். சேத்துட்டேன், சார்" என்றார். "வேற யாருக்கெல்லாம் வெட்டியிருக்காங்க?"

முதலில் பூனைக்கண் கை தூக்கினார். பிறகு எவரார்தோ. பிறகு கல்லூரிக்கு இப்போதுதான் வந்திருக்கும் இளவட்டங்கள். அம்மாக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அறைக்குள் வந்தன. கரடி தன் அம்மா பெயரை ரொம்பச் சத்தமாகச் சொன்னார். எர்லிந்தாவுக்கு இது நம் வகுப்பு, இதை யார் பூட்டுவார்கள் பார்ப்போம் என்று இருந்தது.

டெல்ஃபினோ மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரலாமா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல், தொப்பியைச் சுற்றிக்கொண்டு நின்றார். எர்லிந்தா திரும்பிப் பார்க்காமலேயே, முன்வரிசையில் தனக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைக் காலால் வெளியே தள்ளி வைத்தார்.